பணம் வைத்து ஆடினால் குற்றம்... பணம் கொட்டி ஆடினால்? - ஆன்லைன் ஆர்.பி.ஜி பற்றி ஒரு ப்ளேயரின் பார்வை

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது பூவம். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. இந்தப் பக்கம் ஒரு சட்டசபை, அந்தப் பக்கம் இன்னொன்று. சரக்கு விஷயத்தைச் சொல்லவே வேண்டாம், ஊருக்கே தெரியும்.

ஆன்லைன் கேம் விஷயத்திலும் கொஞ்ச காலம் இதே கதைதான் ஓடியது. தமிழ்நாடு அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை, ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழ் தடை, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையவே முடியாது. அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த விதிகள் செல்லும் என்றது. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கும் பூவத்துக்கு அது பொருந்தாது. பாலத்தின் மேல் நடந்து போகிறவன் கையில் இருக்கும் போன், பாதி பாலத்தில் ஒரு சட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும். செல்போன் சிக்னலுக்கு ஏது செக்போஸ்ட்?

2025 ஆகஸ்ட்டில் அந்த வித்தியாசம் முடிவுக்கு வந்தது. மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 20-ம் தேதி மக்களவையிலும், 21-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நாடு முழுக்க, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. நடத்துகிறவர்களுக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

ரம்மியில் வீட்டை, நகையை, சில குடும்பங்கள் உயிரையே இழந்த மாநிலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தத் தடையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பல வருஷமாக ஆன்லைன் ரோல் ப்ளேயிங் கேம் ஆடுகிற ஒருவனாக ஒரு கேள்வி இருக்கிறது. சட்டம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: 'போட்ட பணம், பணமாகத் திரும்பி வருமா?' வரும் என்றால் தடை. வராது என்றால்? எங்களை மாதிரி ஆட்கள் ஆடும் கேம்கள் எல்லாம் அந்த 'வராது' பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் எல்லாமே நல்லதுதானா?

முதலில், இது என்ன ஆட்டம்?

பிள்ளைகள் போனில் எதை ஆடினாலும் 'பப்ஜி' என்றே சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகச் சுருக்கமாக. பப்ஜி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரோ ஜெயிப்பார்கள், அடுத்த ஆட்டம் புதிதாகத் தொடங்கும். ரோல் ப்ளேயிங் கேம் அப்படி இல்லை. நீங்கள் ஒரு வேஷம் கட்டுகிறீர்கள். வாள்வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் மருத்துவன் என்று. அந்த வேஷம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உங்களோடு வளர்கிறது. அதே உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வேஷத்தோடு இருக்கிறார்கள். நீங்கள் போனை ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கினாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். விடிய விடிய நடக்கும் கூத்து மாதிரி. வித்தியாசம், இதில் வேடிக்கை பார்க்க ஆளே கிடையாது, எல்லாரும் வேஷக்காரர்கள்.

இதன் விதை 1978-ல் விழுந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இருவர் வெறும் எழுத்தால் ஆன 'மட்' என்ற கேமை உருவாக்கினார்கள். 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1998-ல் கொரியாவின் லீனியேஜ், 1999-ல் எவர்க்வெஸ்ட், 2004-ல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்று அது மரமானது. ஆரம்பத்தில் இவை பெரும்பாலும் மாதச் சந்தாவில் ஓடின. மாதம் 15 டாலர் கட்டு, முழு உலகமும் உனக்கு. பிறகு 'இலவசம்' என்ற வார்த்தை வந்தது. பிரச்னையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அதிர்ஷ்டம் தப்பில்லை, அதை விற்பதுதான் தப்பு

மத்தியச் சட்டம் ஆன்லைன் கேம்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டி விளையாட்டு. இரண்டு, ஆன்லைன் சமூக விளையாட்டு, அதாவது பொழுதுபோக்குக்கோ திறமை வளர்க்கவோ ஆடுவது. சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்கலாம், ஆனால் அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது. மூன்று, பண விளையாட்டு. இதற்குத்தான் தடை. ரோல் ப்ளேயிங் கேம்கள் பெரும்பாலும் இரண்டாவது பெட்டியில் வந்து உட்கார்கின்றன.

இப்போது 'காச்சா' என்ற ஒன்றைப் பாருங்கள். ஜப்பானில் கடை வாசலில் இருக்கும் பொம்மை மெஷினின் பெயர் அது. காசு போட்டுத் திருகினால் ஒரு உருண்டை விழும், உள்ளே என்ன பொம்மை என்று தெரியாது. இதையே கேமுக்குள் வைத்தார்கள். 2020 செப்டம்பரில் வெளிவந்த கென்ஷின் இம்பாக்ட் இதற்குப் பிரபலமான உதாரணம். அழகான உலகம், அருமையான இசை, கைக்காசு போடாமலேயே மாதக்கணக்கில் ஆடலாம். மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நட்சத்திர கேரக்டர் ஒன்று வேண்டுமென்றால் குலுக்கலில் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பில் அது விழும் வாய்ப்பு 0.6 சதவிகிதம். 90 இழுப்புக்குள் ஏதாவது ஒரு ஐந்து நட்சத்திரம் உறுதி. ஆனால் நீங்கள் கேட்டதுதான் வரும் என்பதற்கு முதல் முறை உத்தரவாதம் இல்லை. வேறு ஏதாவது வந்துவிட்டால், அடுத்த முறைதான் உறுதி. மோசமான அதிர்ஷ்டம் இருந்தால் 180 இழுப்பு.

ஒரு இழுப்பு எத்தனை ரூபாய்? இதைச் சட்டென்று சொல்ல முடியாதபடிதான் கடை அமைக்கப்பட்டிருக்கிறது. ரூபாய் கொடுத்தால் ஒரு படிகம். படிகத்தை மாற்றினால் இன்னொரு கல். 160 கல் சேர்ந்தால் ஒரு சீட்டு. சீட்டைப் போட்டால் ஒரு இழுப்பு. மளிகைக் கடையில் துவரம்பருப்பு விலை கேட்டால் மூன்று விதமான டோக்கன் பெயரைச் சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போவோமா?

அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் இதைத்தான் பிடித்தது. 2025 ஜனவரியில் அந்த கேமின் நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குலுக்கல் பெட்டி விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. பெல்ஜியம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. 2022-ல் டியாப்லோ இம்மார்ட்டல் வந்தபோது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடவே இல்லை.

நம் சட்டப்படி இது பண விளையாட்டா? அதில் 'பணமாகவோ வேறு ஆதாயமாகவோ திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு' இருக்க வேண்டும். குலுக்கலில் விழும் கேரக்டரை நியாயமான வழியில் விற்றுப் பணமாக்க முடியாது. அதனால் இது பந்தயம் இல்லை என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது. ரம்மியிலாவது ஜெயித்தால் காசு வரும். இதில் ஜெயித்தாலும் காசு வராது, அதனாலேயே சட்டத்துக்கு இது சூது இல்லை. ஒரு ப்ளேயருக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ஒரு நிமிஷம், அதிர்ஷ்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருக்கிறீர்களா? ஆனி மாதம், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே அத்தனை கூட்டமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யார் கையில் விழும் என்று யாருக்குத் தெரியும்? விழுந்தவருக்குச் சந்தோஷம், விழாதவருக்கும் கூட்டத்தில் நின்ற சந்தோஷம். ரோல் ப்ளேயிங் கேமில் 40 பேர் சேர்ந்து ஒரு பெரிய அரக்கனை வீழ்த்தும்போது விழும் பரிசும் இந்த ரகம்தான். அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்தது உழைப்பு, நேரம், கூட்டாளிகள். மாடியில் நிற்பவர் 'ஒரு பழத்துக்கு 160 கல்' என்று சீட்டு விற்க ஆரம்பித்தால் அது திருவிழா இல்லை, கடை.

'தினமும் வா, இல்லைன்னா போச்சு'

காசைவிட எனக்குக் கவலை தருவது நேரம். போன் கேம்களில் இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது, தினசரி வருகைப் பரிசு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் முதலில் இருந்து. அதற்கு மேல் மூன்று வாரத்தில் முடிந்துவிடும் திருவிழா, இப்போது விட்டால் எப்போது வருமோ தெரியாத உடை.

டெல்டா கடற்கரையில் இருப்பவனுக்கு இந்த வடிவமைப்பு ரொம்பவே பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை. காற்று பலமாக அடித்தால் முதலில் கரண்ட், பிறகு டவர். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, இந்தப் பகுதியில் எத்தனை ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது நமக்கு மறக்காது. சாதாரண மழையிலேயே என் நாற்பது நாள் தொடர்வருகை ஒரு கேமில் அறுந்திருக்கிறது. புயல் வந்தால் அந்த கேமுக்கு என்ன கவலை? அதன் கணக்கில் நீ 'வராதவன்'.

வேறு மாதிரியும் வடிவமைக்கலாம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவருவதற்கு முன், சோதனைக் காலத்தில், ஒருவர் ரொம்ப நேரம் ஆடினால் அவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி வைத்தார்கள். கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ப்ளேயர்கள் கொதித்துப்போனார்கள். டிசைனர்கள் கணக்கைப் பெரிதாக மாற்றவில்லை, சொல்லும் விதத்தைத் திருப்பிப் போட்டார்கள். 'ஓய்வெடுத்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு இரட்டைப் புள்ளி' என்றார்கள். அதே எண்கள்தான் கிட்டத்தட்ட. கோபம் போய்ச் சந்தோஷம் வந்தது. வராதவனைத் தண்டிக்காமல், தூங்கிவிட்டு வந்தவனை வரவேற்றது அந்த கேம்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா பல முறை வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இன்னும் ஆச்சர்யம். புதிய கதை வரும்போது வாருங்கள், முடித்துவிட்டு வேறு கேம் ஆடுங்கள், பிறகு திரும்பி வாருங்கள் என்பது அவரது கொள்கை. அதே கேமில் குறையும் உண்டு. 45 நாள் எட்டிப்பார்க்காவிட்டால், கேமுக்குள் நீங்கள் வாங்கிய வீடு இடிக்கப்பட்டுவிடும். நல்ல வடிவமைப்பாளர் கையிலும் இந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

அரசுகள் இதற்குக் கடிகாரத்தைக் கையில் எடுக்கின்றன. தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பூட்டுப் போட்டது. பத்து வருஷம் பார்த்துவிட்டு, 2022 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டது. சீனா 2021 ஆகஸ்ட்டில் 18 வயதுக்குக் கீழ் வெள்ளி, சனி, ஞாயிறு இரவு 8 முதல் 9 வரை, விடுமுறை நாள்களில் அதே ஒரு மணி நேரம் மட்டும் என்றது. பூட்டு, ஆடும் நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் 'இன்னிக்கு வரலைன்னா போச்சு' என்று பிள்ளை மனசில் அரிக்கும் வடிவமைப்பைப் பூட்டு தொடுவதில்லை. ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்த ஒரு மணி நேரமும் தினசரி வேலைப்பட்டியலை முடிப்பதிலேயே போகும். ஆட்டம் போய் ஆபீஸ் ஆகிவிடும்.

பக்கத்தில் ஆள் இல்லாத கூட்டம்

ஏன் இன்னும் ஆடுகிறாய் என்று கேட்டால், என் பதில் ஆட்கள். காரைக்கால் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பிரான்ஸிலோ இருப்பார்கள். எங்கள் கில்டில், அதாவது கேமுக்குள் இருக்கும் குழுவில், துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வாட்ஸ்அப் காலில் 'சாப்டியா, நல்லாருக்கியா' இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒரு குகைக்குள் சேர்ந்து சண்டை போடும்போது அரை மணி நேரம் பேச்சு தானாக ஓடும். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் மனுஷங்களுக்குப் பேச்சு வரும்.

இந்த உறவை உண்டாக்குவதும் டிசைன், கெடுப்பதும் டிசைன். வார்கிராஃப்டில் ஆரம்ப காலத்தில் ஒரு குகைக்குப் போக ஐந்து பேர் வேண்டும் என்றால், ஊர்ச் சந்தையில் கூவி ஆள் சேர்த்து, எல்லாரும் நடந்து வந்து சேர வேண்டும். எரிச்சல்தான். ஆனால் நல்லா ஆடுபவன் யார், பொறுமையாகச் சொல்லித்தருபவர் யார், பொருளைத் திருடிக்கொண்டு ஓடுபவன் யார் என்று ஊருக்கே தெரியும். 2009 டிசம்பரில் ஒரு பட்டன் வந்தது. அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களில் இருந்து ஐந்து பேரை அதுவே சேர்த்து, குகைக்குள் இறக்கிவிடும். வேலைக்குப் போய்விட்டு வந்து முக்கால் மணி நேரம் மட்டும் ஆட முடிகிறவர்களுக்கு அது வரம். நானும் அனுபவித்தேன். ஆனால் அந்த ஐந்து பேர் மறுபடி சந்திக்கவே போவதில்லை. யாரும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

பழைய வார்கிராஃப்ட் வேண்டும் என்று 2013-ல் ஒரு ரசிகர் கேட்டபோது, மேடையில் இருந்த நிறுவனத்தார், உங்களுக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறதே தவிர உண்மையில் வேண்டியதில்லை என்கிற தொனியில் பதில் சொன்னார். 2019 ஆகஸ்ட்டில் அதே நிறுவனம் அந்தப் பழைய கேமை 'கிளாசிக்' என்று வெளியிட்டது. வாசலில் க்யூ. ப்ளேயர் சொல்வது எல்லாம் சரி என்பதில்லை, ஆனால் அவனுக்கு எது இழப்பாகத் தெரிகிறது என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவம் 2013-ல் ப்ளேயர்களின் ஓட்டெடுப்பால்தான் திரும்பி வந்தது. அதில் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்றாலும் ஓட்டு. ஆரம்பத்தில் 75 சதவிகிதம் பேர் சரி என்று சொல்ல வேண்டும், பிறகு அது 70 ஆனது.

நடுவழியும் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் ஆள் சேர்க்கும் பட்டன் உண்டு. ஆனால் சேர்ந்த குழுவில் முதல் முறை வருபவர் ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் கூடுதல் பரிசு. அதனால் புதியவரைப் பார்த்தால் பழைய ஆட்கள் முகம் சுளிப்பதில்லை, 'வா தம்பி' என்கிறார்கள். அன்பைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அன்பாக இருப்பது நஷ்டமாகாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

பங்கு பிரிப்பதும் இப்படித்தான். கடலுக்குப் போய் வந்த படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் அடுத்த நாள் அதே ஆட்கள் அதே படகில் ஏறுவார்கள். எவர்க்வெஸ்ட் காலத்தில் ப்ளேயர்களே இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். சண்டைக்கு வந்தால் புள்ளி, பொருள் விழுந்தால் புள்ளியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஏலச்சீட்டு நடத்தத் தெரிந்த நம் அக்காக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எந்தக் கம்பெனியும் சொல்லித்தராமல், சேர்ந்து வாழ வேண்டும் என்ற தேவையில் பிறந்த ஏற்பாடு அது.

இதற்கு நேர் எதிர், ஆட்டோ ப்ளே. 2016 டிசம்பரில் கொரியாவில் லீனியேஜ் 2 ரெவல்யூஷன் வந்த பிறகு போன் ரோல் ப்ளேயிங் கேம்களில் இது பரவியது. பட்டனை அழுத்திவிட்டால் உங்கள் வேஷம் தானே நடக்கும், தானே சண்டை போடும், நீங்கள் கடைக்கு மட்டும் வந்து காசு கொடுத்தால் போதும். கூத்து மேடையில் பொம்மையை நிறுத்திவிட்டு டிக்கெட் மட்டும் கிழிப்பது மாதிரி.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் பலர் சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறோம். கேபிளில் தகவல் போய்த் திரும்ப, எவ்வளவு நல்ல கனெக்ஷனாக இருந்தாலும் 30 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். மழை நாளில் அது பல மடங்கு ஏறும். பழைய ரூன்ஸ்கேப் 0.6 செகண்டுக்கு ஒரு முறை என்ற தாளத்தில் இயங்குவது. அந்தத் தாளத்துக்குள் என் கட்டளை போய்ச் சேர்ந்தால் போதும். சிங்கப்பூரில் ஃபைபர் வைத்திருப்பவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கண்ணிமைக்கும் வேகத்தைப் பரிசோதிக்கும் கேம்களில் நாங்கள் ஆரம்பத்திலேயே தோற்றவர்கள். கேமின் வேகம் என்பது யாரை உள்ளே விடுவது என்ற முடிவும்தான்.

வாங்கியது நம்முடையதா?

2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது, அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவில் அதன் சர்வர் நின்றது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். தடைக்கான காரணம் பாதுகாப்பு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் அதற்குள் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிய உடைகள், வைரங்கள்? பப்ஜியில் இருந்தவர்கள் பலர் பிறகு வந்த பி.ஜி.எம்.ஐ-க்குக் கணக்கை மாற்றிக்கொள்ள முடிந்தது. எல்லா கேமிலும் அப்படி நடப்பதில்லை. நாம் வாங்குவது பொருளை இல்லை, பார்க்க அனுமதியைத்தான் என்பது தடை வரும் நாளில்தான் தெரிகிறது.

ரோல் ப்ளேயிங் கேமில் இது இன்னும் வலிக்கும், ஏனென்றால் போவது உடை மட்டும் இல்லை, ஊர். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. அதன் ரசிகர்கள் தாங்களே சர்வர் ஓட்டி, 2024 ஜனவரியில் நிறுவனத்திடம் முறையான அனுமதியும் வாங்கிவிட்டார்கள். அதே 2024-ல் 'கேம்களைக் கொல்லாதீர்கள்' என்று ஐரோப்பாவில் ஓர் இயக்கம் தொடங்கி, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. காசு வாங்கிக்கொண்டு விற்ற கேமை மூடும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட ஒரு வழி விட்டுவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. நியாயமான கேள்வி, நம் ஊரிலும் கேட்க வேண்டியது.

என்ன செய்யலாம்?

மத்தியச் சட்டம் கேம்களை வகைப்படுத்த, பதிவு செய்ய ஓர் ஆணையத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. அங்கே 'பணம் திரும்ப வருமா' என்ற கேள்வியோடு இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. குலுக்கல் இருந்தால் அதன் வாய்ப்பு விகிதம் வாங்கும் இடத்திலேயே தமிழிலும் மற்ற மொழிகளிலும் தெரிகிறதா? விலை நேரடியாக ரூபாயில் இருக்கிறதா? 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் குலுக்கலில் காசு போட பெற்றோர் சம்மதம் கேட்கிறதா? மூடுவதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்லும்? இதில் எதுவும் தடை இல்லை. நல்ல கேம் எதற்கும் இதனால் நஷ்டமும் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் 'கேமிங் குறைபாடு' இருக்கிறது உண்மைதான். ஆனால் அது நிறைய நேரம் ஆடும் எல்லாருக்கும் ஒட்டும் லேபிள் இல்லை. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகி, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் திட்டு இல்லை, மருத்துவர் தேவை. மற்றபடி போனைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். 'இதுல நாளைக்கு நீ வரலைன்னா என்ன போகும்?' 'இதுல உனக்குத் தெரிஞ்சவங்க யாரு, அவங்க எப்படிப் பேசுவாங்க?' 'நீ கடைசியா வாங்கினது எத்தனை ரூபாய், வாங்குறப்போ என்ன வரும்னு தெரியுமா?'

முதல் கேள்விக்கு 'ஒண்ணும் போகாது' என்றும், இரண்டாவதுக்கு நாலு பேரின் கதையும், மூன்றாவதுக்குச் சரியான தொகையும் வந்தால், பிள்ளை நல்ல ஆட்டத்தில்தான் இருக்கிறது. பதில் வேறு மாதிரி வந்தால், பிரச்னை பிள்ளையிடம் மட்டும் இல்லை. அந்த கேமை அப்படிச் செய்து வைத்தவர்களிடமும் இருக்கிறது. சட்டம் அவர்களையும் ஒரு நாள் கேள்வி கேட்க வேண்டும்.